துவைக்கும் அறையில் ஒரு பாம்பு

டெவன்போர்ட், டாஸ்மேனியா
மார்ச் 4, 2018

அன்புத் தம்பி நெவிலுக்கு,

அக்கா கிளெனிஸ் எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். உன் அத்தான் கிரஹாம் இரவெல்லாம் இருமுகிறாராம். எனக்குக் கேட்பதில்லை. காது மந்தமானதில் இப்படி ஒரு சௌகரியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஆலை வேலையில் படிக்கட்டு ஏறாதே என்று டாக்டர் சொன்னது நினைவிருக்கிறதா?

கைபேசியை இழுப்பறையில் போட்டுவிட்டேன். அதில் நான் ஒரு பக்கம் எழுதினால், நீ கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பி வேலையை முடித்துவிடுகிறாய். இனி உனக்கும் எனக்கும் தபால்தான். நாலு வரி எழுதினால் உன் கை ஒன்றும் தேய்ந்துவிடாது.

ஹில்டாவை உன்னிடம் விட்டுவிட்டு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. வெளியூர்ப் பாம்பு எதையும் இந்தத் தீவுக்குள் விடமாட்டார்கள். அத்தானோ, சாவதென்றால் பிறந்த ஊரில்தான் சாவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் என்ன செய்ய? கைக்கடங்கும் குட்டியாக வாங்கி, என் தோளை வளைத்துப் படுக்கும் அளவுக்கு வளர்த்த மலைப்பாம்பு அவள். பத்தொன்பது வருஷம். இங்கே இரவில் சமையலறைக்குப் போனால் இன்னமும் அவள் கூண்டு விளக்கைத் தேடுகிறேன்.

இப்போது நீ உன் நண்பன் கொலினிடமிருந்து இன்னொரு பாம்பை வாங்கப் போவதாகக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் ஒரு மூலையில் எழுதியிருக்கிறாய். பெரிய செய்தியை எல்லாம் நீ மூலையில்தான் எழுதுவாய். வாங்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது ஹில்டா இருக்கும் அறைக்குள் கால் வைக்கக்கூடாது, அதாவது வயிறு வைக்கக்கூடாது. துவைக்கும் அறையில் தனியாக வை. அடியில் மரச்சீவல் போடாதே, வெள்ளைத் தாள் போடு. பாம்புப் பேன் இருந்தால் மிளகுத்தூள் சிந்தினாற்போலத் தெரியும். அதைத் தூக்கும் கொக்கிக் கோல் வேறு, தண்ணீர்க் கிண்ணம் வேறு. முதலில் ஹில்டாவின் வேலையை முடி, அப்புறம் புதியதன் வேலை, நடுவில் சோப்புப் போட்டுக் கை கழுவு. மிருக டாக்டரிடம் காட்டித் தொண்டையில் பஞ்சுக் குச்சி விட்டுச் சோதனைக்கு அனுப்பு. ஆகஸ்டில் குளிர்காலம் முடியும் வரை இப்படியே இருக்கட்டும். பாம்புக்கு வரும் வைரஸ் நோய்க்கு மருந்து கிடையாது. வரவிடாமல் தடுப்பது ஒன்றுதான் வழி.

கொலின் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். மே மாதம் நான் வருகிறேன். அப்போது சரிபார்ப்பேன்.

எப்போதும் உன்னை நினைக்கும் அக்கா,
கிளெனிஸ்


பண்டபர்க், குவீன்ஸ்லாந்து
மார்ச் 25

அன்பு அக்காவுக்கு,

நெவில் எழுதுவது. நலம், உங்கள் இருவர் நலமும் அறிய ஆவல். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. படிக்கட்டில் ஏறுவதில்லை, இறங்குவது மட்டும்தான். எப்படி என்று கேட்காதே.

கொலின் போன ஞாயிற்றுக்கிழமை பாம்பைத் தலையணை உறையில் போட்டுக்கொண்டு வந்தான். பெயர் ரஸ்டி. இரண்டு வயது ஆண். அவன் வீட்டிலேயே முட்டை பொரிந்து வந்தது. நேரே ஹில்டாவின் அறைக்கு நடந்தான். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அங்க இல்ல கொலின், இந்தப் பக்கம்."

"இது துவைக்கிற ரூம்டா."

"ஆமா. கொஞ்ச நாள் இங்கதான் இருக்கும்."

அவன் தாளையும் தனிக் கிண்ணத்தையும் கதவில் தொங்கும் தனிக் கோலையும் பார்த்தான். தாடியைச் சொறிந்தான். உனக்குத் தெரியுமே, இங்கே நண்பன் கொடுத்த பாம்பை ஒதுக்கி வைப்பது அவன் உட்கார்ந்து எழுந்த நாற்காலியை அவன் கண் முன்னாலேயே துடைப்பது மாதிரி. கடையில் வாங்கியதைத்தான் ஒதுக்குவோம்.

"என் பாம்புக்குச் சீக்குன்னு சொல்ல வர்றியா?"

"நான் சொல்லல. அக்கா சொன்னா."

"உங்கக்கா டாஸ்மேனியாவுல இருந்துக்கிட்டு இங்க ஆட்சி பண்றாங்களா? சரி, அடுத்த தடவ நான் வந்தா எனக்கும் இந்த வாஷிங் மெஷின் மேலதான் டீயா?"

டீயைச் சமையலறையில்தான் கொடுத்தேன். பாதிக் கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டான். முப்பது வருஷப் பழக்கத்தில் அவன் பாதி டீயோடு எழுந்து நான் பார்த்ததில்லை. உன் பேச்சைக் கேட்டு உன் கணக்கில் அவனைப் புண்படுத்தியிருக்கிறேன், எழுதி வைத்துக்கொள்.

ஹில்டா நேற்று ஒரு பெரிய எலியை விழுங்கிவிட்டு உன்னைப் போலவே யாரையும் கவனிக்காமல் படுத்திருக்கிறாள். ரஸ்டிக்குச் சோதனை எடுத்தாயிற்று. நோய் இல்லை என்று வந்தது. இருந்தாலும் உன் கெடு முடியும்வரை அங்கேயே இருப்பான்.

அத்தானைச் சூடாக ஏதாவது குடிக்கச் சொல்.

தம்பி,
நெவில்


டெவன்போர்ட்
மே 27

என் அருமைத் தம்பிக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். அத்தான் சுகம், நான் இல்லாத நாட்களில் தகர டப்பா மீனைத் தின்றே உயிர் வாழ்ந்திருக்கிறார். நீ கொடுத்தனுப்பிய இஞ்சி மிட்டாயைக் கண்டதும்தான் முகத்தில் உயிர் வந்தது.

என்ன சொல்லி எழுதுவது நெவில்? ஒரு வருஷத்துப் பசி தீர்ந்தது. பிரிஸ்பேனில் ரயிலேறியதிலிருந்தே எனக்குக் கை பரபரத்தது. ஜிம்பியில் இறங்கி என் சிநேகிதி ரோண்டா வீட்டில் ஓர் இரவு தங்கினேனே, அவளுடைய ஏழு பாம்புகளையும் ஒவ்வொன்றாக மடியில் வாங்கி வைத்துக்கொண்டேன். ரோண்டா சிரிக்கிறாள்: "ஏன்டி, பேரப் பிள்ளைங்களப் பாக்க வந்தவ மாதிரி கொஞ்சிக்கிட்டிருக்க?" அதில் ஒன்று என் ஸ்வெட்டர் கைக்குள் புகுந்து தூங்கியே போய்விட்டது. விடிந்ததும் அடுத்த ரயில். உன் வீட்டு வாசலில் பையைப் போட்டுவிட்டு, நீ வைத்த டீயைக்கூடத் தொடாமல் ஹில்டாவிடம் போனேன். நாக்கை நீட்டி என் கழுத்தை முகர்ந்தாளே, பார்த்தாயா? அவளுக்கு என்னைத் தெரியாது, வெறும் சூட்டுக்குத்தான் ஒட்டிக்கொள்கிறாள் என்று அத்தான் சொல்கிறார். சொல்லிக்கொண்டே இருக்கட்டும்.

உன் ஏற்பாட்டில் எனக்குத் திருப்தி. துவைக்கும் அறைப் பக்கம் நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தாயா? ரஸ்டியைத் தொட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சட்டம் போட்டவளே அதை மீறலாமா? இன்னும் கொஞ்ச காலம் பொறு. புதியதைப் பொறுத்தவரை யாரையும் நம்பக்கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள். அவளுக்கு என் முத்தம்.

அக்கா


பண்டபர்க்
ஜூலை 8

அன்பு அக்காவுக்கு,

நலமா? தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கரும்பு அரவை தொடங்கிவிட்டது. ஆலையை விட்டு வந்தால் கட்டிலைத் தவிர எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. உடம்பெல்லாம் வெல்லப்பாகு வாசனை. பக்கத்து வீட்டு நாய் என்னைக் கண்டாலே நக்க வருகிறது.

ரஸ்டி நன்றாக இருக்கிறான். கொலின் இப்போதெல்லாம் வருவதில்லை. கடைத்தெருவில் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி.

ஹில்டா சாப்பிடவில்லை. குளிர்காலத்தில் அவள் சாப்பிடாதது புதிதல்ல என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதனால் வற்புறுத்தவில்லை. மூச்சு விடும்போது லேசாக ஒரு சத்தம் வருகிறது, விசில் மாதிரி. தோல் உரிக்கப் போகிறாள் போலிருக்கிறது, அதனால்கூட இருக்கும். கூண்டில் சூட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்திருக்கிறேன்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. அத்தானை விசாரித்ததாகச் சொல்.

நெவில்


டெவன்போர்ட்
ஜூலை 14

நெவிலுக்கு,

எல்லோரும் நலம். அதைப் பேச இப்போது நேரமில்லை.

விசில் சத்தத்தை மூன்றாவது பத்தியில் எழுதுகிறாய். பக்கத்து வீட்டு நாய்க்கு முதல் பத்தி. வாய் ஓரத்தில் நுரையோ சளியோ இருக்கிறதா? தலையை மேலே தூக்கி வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூச்சு விடுகிறாளா? இந்தக் கடிதம் கிடைத்த உடனே அவளை டாக்டரிடம் கொண்டு போ. ஆலை ஒரு நாள் நீ இல்லாமல் அரைக்கும்.

இன்னொன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். துவைக்கும் அறைக் கதவைத் திறந்து போட்டாயா? கோலை மாற்றி எடுத்தாயா? களைப்பில் கை கழுவாமல் ரஸ்டியிடமிருந்து ஹில்டாவிடம் போனாயா? ஒரே ஒரு தடவை போதும். முதல் சோதனையில் ஒன்றும் தெரியாமல் நோயை ஒளித்து வைத்திருக்கும் பாம்புகள் உண்டு. நான் சொன்னது கேட்டு நீ அதை ஒதுக்கி வைத்தாய், சரி. ஆனால் அதை வீட்டுக்குள் விட்டதே நீதானே?

நான் கோபத்தில் எழுதவில்லை, பயத்தில் எழுதுகிறேன். உடனே பதில் போடு.

அக்கா


பண்டபர்க்
ஆகஸ்ட் 12

அக்காவுக்கு,

உனக்கும் அத்தானுக்கும் உடம்பு சுகமாக இருக்கட்டும்.

ஹில்டா போய்விட்டாள்.

உன் கடிதம் வந்த அன்றே டாக்டரம்மாவிடம் கொண்டு போனேன். நீ கேட்ட எல்லாமே இருந்தது. ஊசி போட்டார்கள். மூக்கடைப்பு விட மருந்து ஆவி காட்டினார்கள். சோதனையில் அந்த வைரஸ்தான் என்று வந்தது. அதன்பிறகும் கொஞ்ச நாள் அவளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். தலையை நிமிர்த்தி வாயைத் திறந்து, மூச்சைத் தேடிக்கொண்டே இருந்தாள். பாம்பு கத்தாது என்பது எவ்வளவு கொடுமை என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

"இனிமே வச்சுப் பாக்கறது நமக்காகத்தான், அவளுக்காக இல்ல," என்றார் டாக்டரம்மா. வெள்ளிக்கிழமை ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்க வைத்தோம். கடைசிவரை என் கையில்தான் இருந்தாள். நோய் என்பதால் புதைக்கக் கொடுக்கவில்லை, அவர்களே எரித்துவிட்டார்கள்.

நீ நம்பிக் கொடுத்ததை என்னால் காப்பாற்ற முடியவில்லை. முன்பே உனக்கு எழுதியிருக்க வேண்டும், பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். ரஸ்டிக்கு மறுபடி சோதனை அனுப்பியிருக்கிறது.

மன்னித்துவிடு அக்கா.

நெவில்


டெவன்போர்ட்
ஆகஸ்ட் 19

நெவில்,

உன் கடிதத்தை அத்தான்தான் படித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை நான் படித்தேன்.

நான் கூட இருந்திருக்க வேண்டும். ஒரு கடிதம், பக்கத்து வீட்டுக்கு ஒரு தொலைபேசி, ஏதாவது செய்திருக்கலாமே. விமானம் ஏறியிருப்பேனே. நான் இல்லாமல் முடித்துவிட்டாய். உன்னைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

கொலினைத் திட்டத் தெம்பிருக்கிறது. அவனுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன், நோய்ப் பாம்பைத் தலையணை உறையில் சுற்றி நண்பன் வீட்டில் விட்டவன் என்று. பாம்பு வளர்ப்போர் சங்கத்துக்கும் எழுதிவிட்டேன். இனி அவன் வீட்டுக் குட்டிகளை யாரும் வாங்கக்கூடாது. இன்னொருத்தி என்னைப் போல அழக்கூடாது.

கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே.

கிளெனிஸ்


பண்டபர்க்
செப்டம்பர் 16

கொலினுக்கு,

நெவில் எழுதுகிறேன். நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை. உன் வண்டி வாசலில் நிற்கிறது, உள்ளே வானொலி பாடுகிறது, தட்டினால் நீ திறப்பதில்லை. அதனால் இதை உன் தபால் பெட்டியில் போடுகிறேன். கிழித்துப் போடாமல் படி.

ரஸ்டிக்கு நோய் இல்லை. இரண்டாவது சோதனையும் சுத்தமாக வந்துவிட்டது, தாளையும் இத்துடன் வைத்திருக்கிறேன். உன் வீட்டிலிருந்து எதுவும் வரவில்லை. உன்னைப் புண்படுத்திப் போட்ட அந்தக் கதவுதான் ஹில்டாவின் நோய் உன் பாம்புக்கு வராமல் காத்திருக்கிறது. இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

ஹில்டாவைக் கொண்டு போன அன்று டாக்டரம்மா கேட்டார்: "பாம்பு வளக்கறவங்க யாராச்சும் வெளியில இருந்து வந்து இவளத் தொட்டாங்களா?" இல்லை என்றேன். என் அக்காவை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அவள் வீட்டு ஆள் அல்லவா?

போன வாரம் ஜிம்பியிலிருந்து ரோண்டா கூப்பிட்டாள், மே மாதம் இங்கே வரும் வழியில் அக்கா ஓர் இரவு தங்கியது அவள் வீட்டில்தான். "என் பாம்பு ஏழும் போச்சு நெவில். கிளெனிஸ் வந்தப்பவே ஒண்ணு லேசாச் சீறிக்கிட்டிருந்துது. குளிருக்குத்தான்னு விட்டுட்டேன். அவ எல்லாத்தையும் மடியில வச்சிருந்தா. உன் பக்கம் ஒண்ணும் இல்லையே?" ஹில்டா போன செய்தியைச் சொன்னேன். "அவளுக்கு போன்ல காது கேக்காது. எனக்கு எழுதவும் வராது. நீயே பக்குவமா சொல்லிடு," என்றாள். சரி என்றேன்.

நான் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை. அவளுக்கு அங்கே யாரும் இல்லை. அத்தானின் நெஞ்சுச் சளி இந்தக் குளிரைத் தாண்டுமா என்று தெரியவில்லை. தன் கையாலேயே ஹில்டாவுக்கு நோயைக் கொண்டுவந்தாள் என்று தெரிந்தால் என்ன ஆவாள்? நான் கவனக்குறைவாக இருந்தேன் என்று அவள் நினைக்கட்டும். எனக்குப் பழக்கம்தான்.

உன் பெயர் கெட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. சங்கச் செயலாளரிடம் போய் ரஸ்டி சுத்தம் என்று சோதனைத் தாளைக் காட்டினேன். "அப்போ சீக்கு எங்கிருந்துதான் வந்துது?" என்று கேட்டார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். நான் உனக்காகப் பொய் சொல்ல வந்ததாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது. மறுபடி போகிறேன். வேறு ஏதாவது வழி இருக்கும்.

ஒரு தடவை கதவைத் திற.

நெவில்


செப்டம்பர் 18

நெவில்,

படித்தேன்.

என் பாம்பை ஒதுக்கி வைத்தாய், போகட்டும் என்று விட்டேன். இந்த வருஷம் பொரிந்த குட்டிகளுக்குச் சொல்லி வைத்திருந்தவர்கள் எல்லோரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். சங்கக் கூட்டத்தில் என் பக்கத்து நாற்காலியில் ஒருவனும் உட்காரவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டேன், நீயும் உன் அக்காவும் அறியாமல் செய்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். இப்போது உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், அவள் அழக்கூடாது என்பதற்காக நான் இப்படியே இருக்க வேண்டும் என்கிறாய். வழி ஒன்றுதான் இருக்கிறது. அது உனக்கே தெரியும்.

நான் யாரிடமும் சொல்லமாட்டேன். அவள் உன் அக்கா, சொல்ல வேண்டியவன் நீ.

ரஸ்டியைத் திருப்பிக் கொடு. சனிக்கிழமை வாசலில் வைத்துவிட்டுப் போ, எடுத்துக்கொள்கிறேன். அவனுக்குத் துவைக்கும் அறையில் இடம் ஒழித்து வைத்திருக்கிறேன். நோய் வந்த வீட்டிலிருந்து வருகிறான் அல்லவா?

கொலின்


டெவன்போர்ட்
நவம்பர் 25

அன்புத் தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய்? முழங்கால்? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? அத்தான் குளிரைத் தாண்டிவிட்டார். தோட்டத்தில் உருளைக்கிழங்கு போடுகிறேன் என்று என்னைக் குழி தோண்ட வைத்து, அவர் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறார்.

எழுதாதே என்று சொன்னால் இத்தனை நாளும் எழுதாமலே இருந்துவிடுவதா? சின்ன வயதில் நான் சொன்ன எதையும் நீ இவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை. தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்குச் சன்னலில் நின்றேன். நம்பமாட்டாய், ஆனால் உண்மை.

உன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை, நெவில். அரவைக் காலம், களைப்பு, ஒரு நாள் கை கழுவ மறந்திருப்பாய். மனிதன்தானே. நான் உன்னிடம் அப்படி எழுதியிருக்கக் கூடாது. அவள் கடைசியில் உன் கையில் இருந்தாள் என்பதே எனக்கு ஆறுதல். கொலினை மட்டும் இந்த ஜென்மத்தில் மன்னிக்கமாட்டேன்.

ஜனவரியில் வருகிறேன். வருகிற வழியில் ஜிம்பியில் ரோண்டாவோடு ரெண்டு நாள். அவள் பாம்புகளையாவது கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தால் எனக்கு மனசு கொஞ்சம் ஆறும். அவளுக்குக் கடிதம் போட்டேன், பதில் இல்லை. மறுபடியும் போட்டிருக்கிறேன். அவளுக்கு என்ன கோபம் என்று தெரியவில்லை, உனக்கு ஏதாவது தெரியுமா?

அன்புடன் அக்கா


பண்டபர்க்
டிசம்பர் 9

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு எனக்குண்டான சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. அத்தான் தேறியது நல்ல செய்தி. உருளைக்கிழங்கு எப்படி விளைந்தது என்று எழுது.

நீ வருவது நல்லது. ஆனால் ஜிம்பியில் இறங்காதே. பிரிஸ்பேனிலிருந்து நேரே இங்கே வந்துவிடு, ரயில் நிலையத்துக்கு நான் வருகிறேன். ஜனவரி வெயிலில் அங்கே இறங்கி ஏறுவது உனக்கு ஆகாது. ரோண்டாவுக்கும் வீட்டில் ஏதோ வேலை நடக்கிறதாம். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே இப்போது பாம்பு ஒன்றும் இல்லை. கொலின் ரஸ்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டான். கூண்டை எல்லாம் பிளீச்சிங் போட்டுக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. நீ வந்தால் சத்தமாக இருக்கும்.

கையைக் கழுவவில்லை என்று நீ எழுதியிருந்தாய். இருக்கலாம் அக்கா. நானும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

உன் தம்பி


டெவன்போர்ட்
டிசம்பர் 30

என் தம்பி நெவிலுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ நலமாக இல்லை என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

ஜிம்பியில் இறங்காதே என்ற உன் கடிதமும் ரோண்டாவின் கடிதமும் ஒரே நாளில் வந்தன. முதலில் அவளுடையதைப் பிரித்தேன். எழுத வராதவள் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். "என் ஏழு போனதும் ஹில்டா போனதும் நெவில் உனக்குச் சொல்லியிருப்பார். என் வீட்டிலிருந்து வந்த நோய் என்பதால் நீ என்னோடு பேச விரும்பமாட்டாய் என்று இத்தனை நாள் சும்மா இருந்தேன். இப்போது என் பாம்புகளைப் பார்க்க வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். என்னைக் குத்திக் காட்டுகிறாயா?" என்று கேட்டிருக்கிறாள். அப்புறம் உன் கடிதத்தைப் பிரித்தேன். கை கழுவினாயா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாதாம் உன்னால்.

நீ கழுவினாய். நான்தான் கழுவவில்லை. ஆறு வருஷம் மிருக டாக்டரிடம் வேலை பார்த்த நான், ஊருக்கெல்லாம் பாடம் நடத்திய நான், ஒரு பாம்பு வீட்டிலிருந்து இன்னொரு பாம்பு வீட்டுக்கு நேரே வந்து ஹில்டாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். துவைக்கும் அறைப் பக்கம் போகாததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். புதிதாக வீட்டுக்குள் வருவது பாம்பு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், நெவில்.

இரண்டு நாள் படுக்கையைவிட்டு எழவில்லை. நீ பயந்தது சரிதான். ஆனால் மூன்றாம் நாள் எழுந்துவிட்டேன். இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்: உண்மையைச் சொல்லியிருந்தால் செப்டம்பரிலேயே எழுந்திருப்பேன். இத்தனை மாதமும் ஒரு குற்றமும் செய்யாதவனை வெறுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியை நீதான் எனக்குக் கொடுத்தாய். அது எனக்கு வேண்டாம். உன்னைத் திட்டவில்லை, வருத்தப்படுகிறேன்.

சங்கத்துக்கு நடந்ததை எழுதிவிட்டேன், என் பெயர் போட்டு. கொலினுக்கும் எழுதினேன். அது பிரிக்கப்படாமல் திரும்பி வந்துவிட்டது. உறையில் என் கையெழுத்தைப் பார்த்திருப்பான். முதல் கடிதத்துக்குப் பிறகு எந்த மனிதன் என் கையெழுத்தைப் பிரிப்பான்?

அதனால் நேரில் வருகிறேன். ஜிம்பியில் இறங்குவேன், ரோண்டாவோடு உட்கார்ந்து அழ வேண்டும். அங்கேயே குளித்து, உடை மாற்றி, வேறு செருப்பில் பண்டபர்க் வருவேன். நீ என்னைக் கொலின் வீட்டுக்குக் கூட்டிப் போ. உள்ளே வரமாட்டேன், அவன் வீட்டில் பாம்புகள் இருக்கின்றன. வேலிக்கு வெளியிலேயே நின்று சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

அவன் பதிலுக்கு என்னென்னவோ சொல்லுவான், சொல்லட்டும். அந்தத் தாடிக்குள்ளிருந்து வருவதை என்னால் உதட்டைப் பார்த்தும் புரிந்துகொள்ள முடியாது. நீ பக்கத்தில் நின்று எனக்கு எழுதிக் காட்டு. அவன் எவ்வளவு கடுமையாகப் பேசினாலும், ஒரு வார்த்தையையும் விட்டுவிடாதே.

அக்கா